பாதி நேரம் சபைக்கு

ஊர்க்காரர்கள் முன்னால் அவர்களுடைய ஊரைப் பற்றிப் பேசுவதுபோல் கடினமான பேச்சு வேறில்லை. கோவையில் சினிமா வரலாறு பேசப் போனால் நான் லூமியர் சகோதரர்களிடம் போவதில்லை. வெரைட்டி ஹால் ரோட்டில் தொடங்குவேன். தினமும் கடந்துபோகிற அந்தச் சாலைக்குப் பெயர் வந்தது 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய தியேட்டரால் என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார்.

பிறகு கோவையில் படங்கள் எடுத்த சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ பெயர்களைச் சொல்லி, ஒரு ஸ்டில்லைத் திரையில் நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுல யாராச்சும் அங்க வேலை பார்த்தாங்களா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அதைப் பழகத்தான் எனக்கு வருஷங்கள் ஆயின. யாரும் வாய் திறக்காத அந்தச் சில நொடிகளில் எதையாவது சொல்லி நிரப்பத் துடிக்கும். நிரப்பினால் போச்சு. பொறுத்தால், பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுவார்: "எங்கப்பாரு அங்க செட்டுப் போடற ஆசாரியா இருந்தாருங்க." 'ராஜகுமாரி' (1947) எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் படத்துக்காகச் சென்ட்ரல் ஸ்டூடியோவில் அரண்மனைகளுக்கு மரம் இழைத்தவர்கள், சாயம் பூசியவர்கள் யார் என்பது இப்படித்தான் தெரியவரும். எனக்கு அந்த வரலாறுதான் பெரிது.

நினைவு ஆண்டுகளைக் கலக்கும். பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்' 1954. அதையே அவர் இந்தியில் எடுத்த 'ஆசாத்' 1955. இரண்டையும் சேர்த்து ஒரே கதையாகச் சொல்பவரைச் சபையில் குறுக்கிட்டுத் திருத்தவே கூடாது. அவரோடு சேர்ந்து இன்னும் நாலு பேர் வாயை மூடிவிடுவார்கள். கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைக் காட்டினால் அவரே பிரித்துச் சொல்லிவிடுவார். தியேட்டரில் காசுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் கம்பெனி பெயர், நடிகர்கள், கதைச்சுருக்கம் எல்லாம் இருக்கும். எனக்கு அதைவிட நம்பகமான துணை கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகமோ ஸ்டூடியோ சம்பளச் சீட்டோ கிடந்தால், எடைக்குப் போடுமுன் பக்கத்து நூலகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.