புரிக்கு எப்போது போவது?

புரி ஜகந்நாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது என் துணைவியாரின் நாற்பதாண்டு ஆசை. அவர் கேட்டபோதெல்லாம் "கோடை கழியட்டும்", "மழை கழியட்டும்" என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வயது 68 ஆகி, முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் அவருக்குத் துணை சேர்ந்த பிறகே, கழிந்தவை கோடையும் மழையும் மட்டுமல்ல என்பது எனக்கு உறைத்தது.

ரதயாத்திரைக் கூட்டத்தை நம்மால் தாங்க இயலாது. ஆகவே தேருக்குப் பத்து நாள் முன்னதாகவே சென்று வந்துவிடலாம் என்று கணக்கிட்டேன். ரயிலில் இடம் கிடைத்தது. விடுதியிலும் எளிதாகவே அறை கிடைத்தது. ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆனி மாதம். கடலோர நகரமாதலால் வெயிலைவிடப் புழுக்கமே பெரிதாக வருத்தியது. விசிறியின் கீழ் அமர்ந்தாலும் வியர்வை உலரவில்லை. சிம்மத்துவாரம் கடந்து, 22 படிகளையும் நின்று நின்று ஏறினார் துணைவியார். உள்ளே பெருமானைக் காணோம்! அவர் இருக்கும் இடத்தில் துணியில் தீட்டிய சித்திரங்களே இருந்தன.

ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று 108 குடங்களால் நீராடிய ஜகந்நாதருக்குக் காய்ச்சல் கண்டுவிடுமாம். 15 நாள்கள் 'அனவசரம்' என்று மறைவில் இருந்து, மூலிகை மருந்தும் பழங்களும் ஏற்பார். தேருக்கு முன்னர்தான் மீண்டும் காட்சி தருவார். வானிலையும் ரயில் நேரமும் பார்த்த நான், பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. துணைவியார் கடிந்துகொள்ளவில்லை. படியோரம் அமர்ந்து, "அவருக்கும் உடம்பு சரியில்லையாம், நம்மைப் போலத்தான்" என்றார். அது கடிந்துகொண்டதைவிட அதிகமாக வலித்தது.

அந்நாள்களில் அடியார்கள் செல்லும் இடம், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் பிரம்மகிரியிலுள்ள அலர்நாதர் ஆலயம். நாங்களும் சென்றோம். நான்கு திருக்கரங்களுடைய திருமால். 'ஆழ்வார்நாதர்' என்பதே அலர்நாதர் ஆயிற்று என்பர். அங்கே தந்த பாயசத்தை அவர் கண் கலங்கி உண்டார். என்றாலும் ஜகந்நாதரைக் காணாமலேதான் ஊர் திரும்பினோம்.

அடுத்த முறை நாள் குறிக்க நான் அவசரப்படவில்லை. சித்திரை, வைகாசியில் அக்ஷய திருதியை முதல் 42 நாள்கள் சந்தன யாத்திரை. நரேந்திர தீர்த்தத்தில் உற்சவருக்குத் தெப்பம். பெருமானுக்கே சந்தனம் வேண்டியிருக்கும் வெயிலில் முதியோர் என்ன செய்வது? பிறகு மழை. ஐப்பசி, கார்த்திகையில் விரதக் கூட்டம். கூடவே புயல் அச்சம். 1999 அக்டோபரில் ஒடிசாவைப் புரட்டிப் போட்ட பெரும்புயலை யார் மறப்பர்? கோடையிலும் அந்த அச்சம் நீங்குவதில்லை; 2019 மே 3 அன்று ஃபானி புயல் புரியருகிலேயே கரை கடந்தது. ஆக, முழங்காலுக்கும் மூச்சுக்கும் இதமானவை மார்கழி, தை மாதங்களே. வசந்த பஞ்சமி வரை ஜகந்நாதரும் குளிர்கால ஆடை அணிந்திருப்பார்.

தை பிறந்த வாரம் சென்றோம். காலைக் காற்றுக்கு மெல்லிய சால்வையே போதுமானதாயிருந்தது. கிழமைக்குரிய நிறத்தில் போர்த்தியிருந்த பெருமானின் வட்ட விழிகளை நோக்கியபடி, துணைவியார் தம் சால்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். வெகு நேரம் நகரவேயில்லை. பின்னால் நின்றவர்களிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பும் ரயிலில், "அந்தத் தேரை மட்டும் பார்க்கவில்லையே" என்றார். பங்குனியில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் நாள் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். மருத்துவர் என்ன சொல்வாரோ!