பொங்கல்படியும் பங்கும்

எங்கள் பக்கம் கல்யாண வீடுகளில், பெண்ணை மணமேடைக்கு அழைத்து வரும் நேரம் மைக்செட்காரர் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டைப் போட்டுவிடுவார். 1961 மே மாதம் வெளிவந்த ‘பாசமலர்’ படத்துப் பாட்டு அது. அந்த ஒரே வருஷத்தில் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி நடித்த மூன்று படங்கள் வந்தன. மூன்றுக்கும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்தக் குடும்பப் படங்கள்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போது அழவேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தன. எனக்கும்தான்.

‘பாசமலர்’ தாலாட்டை அம்மா இலங்கை வானொலியில் கேட்பாள், திருநெல்வேலி வானொலியில் போட்டாலும் கேட்பாள். அடுப்பில் என்ன இருந்தாலும் அந்தப் பாட்டு முடிகிறவரை அசைய மாட்டாள். அதில் கண்ணதாசன் பொதிகை மலையைக் கொண்டுவந்து வைத்திருப்பார். பொதிகையில் பிறந்த ஆற்றுத் தண்ணீரில்தான் எங்கள் வயல் விளைந்தது என்பதால், அது எங்களுக்காகவே எழுதின பாட்டு என்று சிறுவயதில் நம்பினேன். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடுகிறார்கள். ஆனால் கதையில் அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை அற்றுப்போய்த் தனித்தனியே இருக்கும் நேரம் அது. அவரவர் பிள்ளையை அவரவர் தூங்கவைக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். தாய்மாமன் செய்யப்போகும் சீரையெல்லாம் தங்கை பிள்ளைக்குச் சொல்லி ஆறுதல் அடைகிறாள். சண்டைக்கு நடுவிலும் மாமன் உறவு அறுந்துபோகாது என்ற அந்த நம்பிக்கையை இவ்வளவு மெதுவாக, இவ்வளவு உறுதியாகச் சொன்ன பாட்டு தமிழ் சினிமாவில் வேறு இல்லை என்பேன்.

எனக்கும் ஒரே அண்ணன். கல்யாணமான வருஷத்திலிருந்து தை பிறப்பதற்கு முன்பே அவனிடமிருந்து பொங்கல்படி வந்துவிடும். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பித்தளைப் பானை. பிசான நெல் அறுத்ததும் ஒரு மூடை அரிசி. “பாசமலர் சிவாஜில்லா உனக்கு அண்ணனா வாச்சிருக்கான்” என்று மாமியார் ஊரில் சொல்வார்கள். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவாது.

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவர் சம்பாதித்து வாங்கிய நஞ்சை இருந்தது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதித்தரும் விடுதலைப் பத்திரம் ஒன்றை அண்ணன் கொண்டுவந்து, சார்பதிவாளர் ஆபீஸில் கையெழுத்துப் போட எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உரிமையோடுதான் கேட்டான். “சீரெல்லாம் நெறைவாத்தானம்மா செஞ்சிருக்கோம்” என்றாள் மைனி. அது பொய்யில்லை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்கு கேட்கிற தங்கையை எந்தப் படத்தில் நல்லவளாகக் காட்டியிருக்கிறார்கள்? கேட்டால் பொங்கல்படி நிற்கும், அண்ணன் முகம் திரும்பும் என்ற பயம். நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த வாரத்தில் தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ போட்டார்கள். நானும் அம்மாவும் பார்த்தோம். அண்ணன் ராஜு வேலை இல்லாமல் நிற்கும்போது, தங்கை ராதா பொம்மை செய்து சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாளே, அந்த இடத்தில் அம்மா சொன்னாள்: “இவ துட்டுலதான அவன் தொழிலே ஆரம்பிச்சான். பொறவு அவன் செஞ்சதெல்லாம் இவளுக்குத் தானமா என்ன?”

தன் அண்ணன்மாருக்கு விடுதலை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள் அம்மா. தாலாட்டுக்கு அவள் ஏன் அசையாமல் நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வக்கீலைப் பார்த்தேன். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் போன தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு என்றார். ‘பாசமலர்’ வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே வந்துவிட்ட சட்டம்! பூர்வீகச் சொத்தில் பங்கு பிறகுதான் வந்தது. தமிழ்நாட்டில் 1989-இல் மணமாகாத பெண்களுக்குக் கொடுத்தார்கள். கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் 2005-இல் ஆனது.

அண்ணனை உட்காரவைத்து, “உன் பாசமும் எனக்கு வேணும், அப்பா வயல்ல என் பங்கும் வேணும்ணே” என்று சொன்னேன். எழுந்து போய்விட்டான். அந்தத் தை மாசம் பொங்கல்படி வரவில்லை, அடுத்த தைக்கும் வரவில்லை. அந்தத் தாலாட்டை அந்தக் காலத்தில் என்னால் கேட்க முடியவில்லை; வானொலியை அணைத்துவிடுவேன். உறவுக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னமும் மறக்கவில்லை. கடைசியில் அம்மா தன் பங்கைத் தனியாகக் கேட்டு நின்ற பிறகுதான் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. வயலை நான் விற்கவில்லை. அண்ணனே குத்தகைக்குப் பார்க்கிறான். கார், பிசானம் இரண்டு பூவுக்கும் குத்தகை நெல் அளக்கிறான். என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக மாலை எடுத்துவந்தான். பழைய கலகலப்பு முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவன் என்னோடு கணக்குப் பேசுகிறான். முன்பு ஒருநாளும் பேசியதில்லை.

அண்ணன்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். தங்கச்சி வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் கொண்டுபோகிறவர்கள், சொத்து விவரத்தை எழுதி அதில் அவளுடைய பங்கு எவ்வளவு என்பதையும் முதலில் அவள் கையில் கொடுங்கள். தங்கச்சிமாரே, படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விட்டுக்கொடுப்பதாக இருந்தால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுங்கள்.