ஃப்ளூ ஊசி: வரிசையில் நான் எங்கே?

வருஷா வருஷம் மே மாதக் கடைசியில், புனேயில் மழை இறங்குவதற்கு முன்னால், எங்கள் கிளையில் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிடும். விருப்பமுள்ள ஊழியர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு 1,600 ரூபாய் என்று ஒரு சர்க்குலர் வரும். அந்த 'விருப்பமுள்ள' என்ற வார்த்தைதான் எல்லா வம்புக்கும் காரணம். கட்டாயம் என்றால் பேசாமல் கையை நீட்டிவிடுவோம். இலவசம் என்றாலும் அப்படித்தான். நம் காசு, நம் இஷ்டம் என்றதும் டீ நேரத்தில் பட்டிமன்றம்தான்!

இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். "சார், நல்லாத்தானே இருக்கோம், இது தேவையா?" நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்த பேங்க்காரன். எனக்குத் தெரிந்தது வரவு செலவுக் கணக்கு. அதை வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, 2018-ல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி எவ்வளவு பயன் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. 52 சோதனைகள், 80,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். ஊசி போடாதவர்களில் 100-க்கு 2.3 பேருக்கு ஒரு சீசனில் ஃப்ளூ வந்தது. போட்டவர்களில் 0.9 பேருக்கு.

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். "ஆபத்து 60 சதவீதம் குறைகிறது" என்று போஸ்டரில் போடலாம். "100-க்கு ஒன்றரைப் பேர்கூடத் தப்பவில்லை" என்று வாட்ஸப்பில் பரப்பலாம். இரண்டும் ஒரே கணக்குதான். கடன் வாங்க வருபவர்களிடம் நாங்கள் தினமும் சொல்கிற விஷயம் இது. 3 வருஷக் கடனுக்கு 7 சதவீதம் ஃப்ளாட் ரேட் என்று ஒருவன் சொல்வான், கிட்டத்தட்ட 13 சதவீதம் ரெட்யூசிங் ரேட் என்று இன்னொருவன் சொல்வான். கடன் ஒன்றுதான். எந்தக் கோணத்திலிருந்து சொல்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தொகுப்பின்படி ஒரு ஃப்ளூவைத் தடுக்க 71 பேருக்கு ஊசி போட வேண்டும். எங்கள் கிளையில் 14 பேர். எல்லோரும் 5 வருஷம் விடாமல் போட்டால், சராசரியாக ஒரே ஒருவருக்கு ஒரு தடவை ஃப்ளூ தப்பும். 71 ஊசிக்கு என்ன விலை? 1,13,600 ரூபாய். லீவு நாள் மிச்சமா என்றால், ஆளுக்கு ஒரு நாளில் 25-ல் ஒரு பங்கு. ஒரு டீ பிரேக்!

அப்படியானால் வீண் செலவா? அவசரப்பட வேண்டாம், பேரேட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.

ஒன்று, 2009. அப்போதும் நான் புனேயில்தான் வேலை பார்த்தேன். நாட்டின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம் அந்த ஆகஸ்டில் இங்கே நடந்தது. இறந்தது 14 வயதுப் பள்ளி மாணவி. பள்ளிக்கூடம், சினிமா தியேட்டர் எல்லாம் மூடினார்கள். நாயுடு ஆஸ்பத்திரி வாசலில் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வைரஸ் கிழவர்களை மட்டும் தேடிப் போகவில்லை, இளவயதுக்காரர்களையும் சாய்த்தது. அதன் வம்சம்தான் இன்றைக்கும் சாதாரண ஃப்ளூவில் ஒன்றாகச் சுற்றுகிறது, தடுப்பூசியிலும் இருக்கிறது. ஆகவே 2.3 சதவீதம் என்பது சராசரி. எல்லா வருஷமும் சராசரி வருஷம் இல்லை.

இரண்டு, 'ஆரோக்கியமான' என்ற வார்த்தை. எங்கள் கேஷியர் ஒருவர் தனக்கு ஒன்றுமே இல்லை என்பார். காலையும் ராத்திரியும் சர்க்கரை மாத்திரை போடுவார்! நாற்பதைத் தாண்டிய நம்மில் பலர் இந்த ரகம். சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தக் கேள்வியிலேயே வர மாட்டார்கள். நம் அரசின் வழிகாட்டுதலிலேயே அவர்களுக்கு ஊசி சிபாரிசு உண்டு. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது பக்கம்தான் எனக்கு முக்கியம். அம்மா.

அப்பா போனபின் அம்மா மாயவரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். வயது 76. சர்க்கரை உண்டு, வீசிங் உண்டு. 2023 பிப்ரவரி, மார்ச்சில் எச்3என்2 நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். பையன் வகுப்பில் பாதிப் பேர் இருமினார்கள், பிறகு இவன் இருமினான், பிறகு நான். எங்களுக்கு நான்கு நாள் காய்ச்சல், கஞ்சி, முடிந்தது. அம்மாவுக்கு நிமோனியா. எட்டு நாள் ஆஸ்பத்திரி, அதில் மூன்று நாள் ஆக்ஸிஜன். பாஷை தெரியாத நர்ஸிடம் அம்மா தமிழிலேயே, "எம் பேரன் சாப்பிட்டானா கேளும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எட்டு நாளை 71 பேர் கணக்கில் எந்தக் கட்டத்தில் போடுவது?

வீடு திரும்பியதும் ஊசிப் பேச்சை எடுத்தேன். "போற உசுருக்கு எதுக்குடா 1,600 ரூபா? மொதல்ல கொழந்தைக்குப் போடு" என்றாள். அம்மா பாசத்தில் சொன்னாள். ஆனால் அதில் ஆய்வும் இருக்கிறது!

கனடாவில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தனித்தனிக் குடியிருப்புகளில் கூட்டுவாழ்க்கை நடத்துகிறார்கள். 49 குடியிருப்புகளைப் பிரித்து, சிலவற்றில் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவற்றில் வேறு ஊசியும் போட்டார்கள். முடிவு 2010-ல் வெளியானது. பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில், ஊசியே போடாத மற்றவர்களுக்கும் 61 சதவீதம் பாதுகாப்பு கிடைத்திருந்தது. வயதானவர்களின் உடம்பில் ஊசி அவ்வளவு வலுவாக வேலை செய்யாது. அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு நோய் வராமல் இருந்தால் அது இரண்டாவது பூட்டு.

அதனால் எங்கள் வீட்டு வரிசை இது: அம்மா, பையன், பிறகு மனைவி, நான். ஒரு வருஷம் கை இறுக்கமாக இருந்து இரண்டு ஊசிக்குத்தான் காசு என்றால் முதல் இருவருக்கு. நான்கு பேருக்கு 6,400 ரூபாய். பைக் இன்ஷூரன்ஸ் கட்டும்போது இந்த வருஷம் விபத்து வருமா என்று கேட்பதில்லை, இதையும் அப்படித்தான் கட்டுகிறேன். எனக்காக மட்டும் என்றால் யோசிப்பேன். அம்மா இருக்கும் வீட்டுக்குள் தினமும் நுழைகிறவன் என்பதால் யோசிப்பதில்லை. நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வரும் பென்ஷன்காரர்களோடு நாளெல்லாம் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் கணக்கில் உண்டு.

எங்கள் கிளையில் 27 வயதுப் பையன் ஒருவன், பி.ஜி.யில் தனியாக இருக்கிறான், உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவன் கேட்டபோது, "போட்டால் நல்லது, போடாவிட்டால் குடி முழுகாது" என்றேன். பெரிய நாடுகளே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கா 2010-ல் 6 மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் என்று சொன்னது. பிரிட்டன் 65 வயதுக்குக் கீழே ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களைப் பொதுவாக இலவசத் திட்டத்தில் சேர்ப்பதில்லை, ஆனால் முதியவரைப் பராமரிக்கிறவர் என்றால் சேர்க்கிறது. எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமாகக் கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது. இரண்டு நாள் கை வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல். கியான் பாரே என்ற நரம்புக் கோளாறு 10 லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம் என்பதையும் மறைக்க வேண்டாம். சாதாரண ஜலதோஷத்தை இது தடுக்காது, ஆகவே "போட்டும் மூக்கு ஒழுகுது" என்று சண்டைக்கு வராதீர்கள்.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பெற்றவர்கள் உடன் இல்லாவிட்டாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகிறோம். நெரிசலான ரயிலில் இருபது மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இறங்கியதும் நேராக அவர்கள் தோளில்தான் சாய்கிறோம். ஊசியைப் பற்றி முடிவெடுக்கும்போது, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடை தானாக வரும்.

பி.கு.: புனே, டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம், அதனால் மழைக்கு முன்பே போடுவது நல்லது. ஸ்ரீநகரில் குளிர்காலம்தான் சீசன். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், வருஷா வருஷம் போட வேண்டும். 9 வயதுக்குக் கீழே முதல் தடவை என்றால் 4 வார இடைவெளியில் 2 டோஸ். மற்றதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பேங்க்காரனிடம் அல்ல!