பத்து வெள்ளிப் பங்கு

மலேசியாவின் கெடாவுக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்களைப் போல நானும் முதலில் பூஜாங் பள்ளத்தாக்குக்குத்தான் போனேன். 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தும் என்னை உலுக்கியது இங்குள்ள தோட்டங்களின் கதை.

அன்றைய மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். வேலையோடு லயத்து வீடும் கோயிலும் பள்ளியும் போய்விடும் என்ற நிலை. மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சித் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடமே போனார். மாதம் பத்து வெள்ளி (அந்நாட்டுப் பணம்) கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம்.

பீடோங் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில், இளமையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம் இதைக் கேட்டேன். "பத்து வெள்ளி சும்மாவா தம்பி? அன்னிக்கு அது பெரிய காசு. நமக்குன்னு ஒரு மரம் நிக்கும்னு நம்பிக் கட்டுனாங்க." பிறகு கத்தி பிடிப்பதைக் கையால் காட்டினார். பட்டையை ஆழமாகச் சீவினால் அன்றைக்குப் பால் கூடலாம். ஆனால் மரம் புண்படும், புதுப்பட்டை சீராக வளராது. விடியுமுன் மர நிரையில் தனியாக நிற்பவரின் கைதான் அதைத் தீர்மானிக்கிறது. கங்காணி எத்தனை பேர் இருந்தும் அந்தக் கைக்குக் காவல் போட முடியாது.

மரம் தன்னுடையது என்றால் அந்தக் கை தானே கவனமாக இருக்கும். என் கம்பெனியை நினைத்துப் பார்த்தேன். வங்கி கடன் தருமா, பையர் ஆர்டர் தருவாரா என்றே இத்தனை காலம் தொழிலை அளந்திருக்கிறேன். என் டெய்லர்கள் தங்கள் கூலியிலிருந்து என் கம்பெனியில் பணம் போடுவார்களா? அந்தக் கேள்விக்கு முன் மற்றவை சிறுத்துவிட்டன.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை, வேலைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். இருந்தும் அன்று சம்பந்தன் தொழிலாளர்களிடம் கேட்ட விதத்தை மதிக்கிறேன்.

கெடாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்தே எங்கள் கணக்கரை அழைத்து, இந்த வருட வரவு செலவைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். கட்டிங் முதல் செக்கிங் வரை எல்லோர் முன்னிலையிலும் அதை வாசிக்கப் போகிறேன். லாபத்தில் பங்கு உண்டு என்பதை என்னால் சொல்லிவிட முடியும். ஆர்டர் இல்லாத மாதத்தின் நட்டத்தை யார் சுமப்பது என்பதை அவர்களோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.