தூக்கம் தரும் மாத்திரை

மருந்து சாப்பிட்டால் சளி ஏழு நாளில் போகும். சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த ஏழு நாளும் வேலைக்குப் போயாக வேண்டியவருக்கு இது வேடிக்கை அன்று. என் தந்தை லாரி ஓட்டுநர். அரியலூரில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டுகிறவர். ஃப்ளூ வந்தால் மருந்துக் கடையில், "காய்ச்சல், சளி ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு குடுப்பா" என்று வாங்கித் தேநீரோடு விழுங்கிவிட்டு வண்டியை எடுப்பார்.

சென்ற மார்கழியில் அந்த மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து! வேதியியல் மாணவனுக்கே கண் வலிக்கிறது. உள்ளே இருந்தவை மூன்று மருந்துகள். பாரசிட்டமால் 500 மில்லிகிராம். காய்ச்சலையும் உடல்வலியையும் தணிப்பது. அடுத்தது ஃபினைலெஃப்ரின், மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது. ஆனால் விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுகிறது. மூக்கை எட்டுவது சொற்பம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வல்லுநர் குழு இதை ஆராய்ந்து, வாய்வழி உட்கொண்டால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று 2023இல் ஒருமனதாகக் கூறிவிட்டது. மூன்றாவது குளோர்ஃபெனிரமின். மூக்கொழுகலைச் சற்றுக் குறைக்கும்; கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும்.

எனக்குப் பகீரென்றது. பயனற்றதற்குக் காசு கொடுப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தூக்க மருந்தைத் தின்றுவிட்டா நள்ளிரவில் அத்தனை பாரத்தை ஓட்டுவது?

"இதப் போட்டுக்கிட்டு வண்டி எடுக்காதீங்கப்பா" என்றேன்.

"எடுக்கலேன்னா படிக்காசு யாருடா குடுப்பா?"

நியாயமான கேள்விதான். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையை மாற்றச் சொன்னேன். காய்ச்சலுக்குத் தனிப் பாரசிட்டமால், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, இருமலுக்குத் தேன். (விடுதி நண்பர்கள் கவனிக்க: கூட்டு மாத்திரையோடு தனிப் பாரசிட்டமாலையும் சேர்த்துப் போடுகிறீர்களே, அது ஒரே மருந்தை இரண்டு மடங்காக்குவது, அளவு மீறினால் கல்லீரல் கெடும்.) காய்ச்சல் கடுமையாக இருந்தால் வண்டி எடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொள்ள வைத்தேன், அதற்குத்தான் அம்மாவின் துணை தேவைப்பட்டது.

லாரிப் பெட்டியில் கிடந்த அந்த அட்டை இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. சளி பிடித்து, லோடும் இல்லாத நாளில் ஒன்று போட்டுக்கொண்டு மத்தியானம் வரை குறட்டை விடுகிறார்.