கரை ஒதுங்கிய பாசி

கமுதிக்காரனுக்குக் கடல் என்பது காதால் கேட்ட சங்கதி. எங்கள் குண்டாற்றில் தண்ணீர் ஓடினாலே அது ஒரு திருவிழா. அதனால் சாயல்குடி வழியாக ஏர்வாடிக்குப் போகும்போதெல்லாம் மிட்டாய்க் கடையைப் பார்த்த பட்டிக்காட்டான் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன தை மாதம் அப்படித்தான் போயிருந்தேன். ஊரைத் தாண்டி வெகுதூரம் நடந்துவிட்டேன்; கரையில் ஆள் அரவமே இல்லை. மணல் நெடுகப் பாசி ஒதுங்கிக் கிடந்தது. பழுப்புக் கொடி, அதில் மிளகு மிளகாகக் காற்றுக் குமிழ்கள். செருப்புக் காலால் மிதித்தால் பட்பட்டென்று வெடித்தன. நாற்பது வயதுக்கு மேலும் இந்தப் புத்தி எனக்குப் போகவில்லை.

"அதை ஏன் தம்பி மிதிக்கிறீங்க? அதுவும் காசுதான்."

பனை நிழலில் ஒரு கிழவி உட்கார்ந்து பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அருகில் போய் உட்கார்ந்தேன். நான் மிதித்தது கட்டைக்கோரையாம். கஞ்சிப்பாசி வேறு. கடைசியாக, கோழி இறகுபோல் இருந்த ஒரு சிறு கொத்தைக் கையில் கொடுத்து, "இது மரிக்கொழுந்து" என்றாள். நான் உடனே முகர்ந்து பார்த்தேன். கவிச்சிதான் அடித்தது.

"தலையில வைக்கிற மரிக்கொழுந்துன்னு நெனச்சீங்களாக்கும்!" என்று சிரித்தாள்.

அந்தப் பாசி பாறையில் ஒட்டி வளர்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பறிக்க வேண்டும். துணியையும் மீறிப் பாறை கிழித்த தழும்புகள் அவள் விரலெல்லாம் இருந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாகிவிட்டன. பவளப்பாறை அழியக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால், பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுக்குப் போனால் குற்றம் என்று இவளிடம் யார் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பறிக்கும் பெண்களுக்கும் கடல்மேல் அக்கறை உண்டு. பாசி மறுபடி தழைக்கட்டும் என்று தாங்களாகவே நாள் குறைத்துப் பறித்தவர்கள் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு பரிசு கொடுத்தது.

"இதை வாங்கி என்ன ஆத்தா செய்கிறார்கள்?"

"ஐஸ்கிரீம்ல போடுவாகளாம், மருந்துக்காம். எனக்கென்ன தெரியும்? எடை போட்டுக் காசு குடுப்பாக."

எனக்குத் தெரியும். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஜெர்மனியில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினை வைத்துக்கொண்டு, அது வெயிலில் உருகி ஓடுகிறதே என்று டாக்டர் ஹெஸ்ஸே தவித்தபோது, சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றவர் அவர் மனைவி ஃபானி. அது 1881-இல். இன்றுவரை உலகமெங்கும் சோதனைக்கூடங்களில் கிருமி வளர்வது பெரும்பாலும் அந்த அகர்க் கூழில்தான்.

என் மகள் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். மதுரையில் ரத்தத்தை எடுத்து, அப்படி ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்த பிறகுதான் டைபாய்டு என்று சொன்னார்கள், மருந்தை மாற்றினார்கள், பிழைத்தாள். அந்தத் தட்டை நானும் பார்த்தேன். அடியில் மஞ்சளாக ஏதோ கூழ் என்று நினைத்ததோடு சரி.

இதையெல்லாம் கிழவியிடம் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. "இந்தக் கொத்து என்ன விலை ஆத்தா?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒரு கொத்துக்கு வெலையா? கொண்டு போங்க தம்பி."

காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இதென்ன நாற்றம்!" என்று என் மனைவி அதைப் புறவாசல் திண்ணையில் கொண்டுபோய் வைத்தாள். மகள்தான் போய் எடுத்து வந்து, "என்னப்பா இது?" என்று கேட்டாள்.