தாழ்ச்சியே உயர்ந்த தவம்

விபூதிப் புதனன்று நம் நெற்றியில் பூசப்படும் சாம்பல் எங்கிருந்து வருகிறது? சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்து நம் கையில் தந்த குருத்தோலைகளை எரித்தே அதனைச் செய்கிறார்கள். ஓசன்னா பாடி உயர்த்திப் பிடித்த ஓலை, ஓராண்டிற்குள் ஒரு பிடி சாம்பல்! முதல் வகுப்புச் சிறுமியானாலும், அன்னைத் தலைவியானாலும், செல்வரானாலும், வறியவரானாலும் நெற்றியில் ஏறுவது அதே சாம்பல்தான். இறைவன் முன் நாம் யார் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

விபூதிப் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள். ஆண்டவர் உயிர்த்த நாளாகிய ஞாயிறுகள் ஆறினை நீக்கினால் 40. இயேசுபிரான் பாலைவனத்தில் நோன்பிருந்ததும் 40 நாட்களே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் கடமை. ஒருசந்தியோ 18 வயது நிறைந்தவர்களுக்கே கடமை. அப்படியானால், பதினைந்து வயதான எங்களைப் போன்றோர் புலால் விலக்குவதோடு தவம் முடிந்துவிடுமா? அன்று, எங்கள் வயதிலேயே தவம் செய்து காட்டிய ஒருவர் நமக்கு முன்னே நிற்கிறார்.

அவர்தாம் பிரான்சு நாட்டின் சிறுமலர் தெரேசா. 1873-இல் பிறந்த அவர், கார்மேல் மடத்தில் சேர விரும்பி, 1887-இல் உரோமை வரை சென்று, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரிடமே மண்டியிட்டு வேண்டினார். 1888 புத்தாண்டு நாளில், ஆயர் அனுமதி தந்துவிட்ட செய்தி வந்தது. ஆனால் தவக்காலம் கழிந்த பின்னரே உள்ளே வர வேண்டும் என்று மடத்தார் கூறிவிட்டனர். இன்னும் மூன்று மாதம்! அவர் மனம் வாடியது. எனினும் அந்நாட்களை வீணாக்கவில்லை. சுடச்சுட எழுந்த பதிலை நாவிலேயே அடக்கினார். பிறர் அறியாமல் சிறு உதவிகள் செய்தார். அமரும்போது முதுகைச் சாய்க்காமல் அமர்ந்தார். அவ்வளவுதான்! ஏப்ரல் 9-ஆம் நாள், பதினைந்து வயதில், லிசியே நகரக் கார்மேல் மடத்தினுள் நுழைந்தார்.

உள்ளே சென்ற பின்னும் அவர் வழி மாறவில்லை. ஒருநாள் துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை அடிக்கடி அவர் முகத்தில் தெறித்தார். விலகி நின்று முகத்தைத் துடைத்துக் காட்டியிருக்கலாம். தெரேசாவோ ஒன்றும் நடவாததுபோல் நின்று துவைத்தார். இருபத்து நான்கு வயதில் மறைந்த இவரைத் திருச்சபை 1925-இல் புனிதராக உயர்த்தியது. 1997-இல் மறைவல்லுநர் என்றும் அறிவித்தது.

பெரிய தவத்தைவிட இச்சிறு தவம் கடினமானது எனலாம். ஏனெனில் பெரியதற்குப் பார்ப்போர் உண்டு. இதற்கு இறைவனைத் தவிர சாட்சி இல்லை. ஆலயத்தில் தன் நற்செயல்களை அடுக்கிய பரிசேயன் வெறுங்கையோடு திரும்பியதும், தொலைவில் தலைகுனிந்து நின்ற ஆயக்காரன் இறைவனுக்கு ஏற்றவனாய் வீடு சேர்ந்ததும் இதனாலன்றோ!

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பில் உண்டியல் வைத்தோம். தின்பண்டக் காசை மிச்சம் பிடித்து ஏழைகளுக்கு அளிப்பதே நோக்கம். யார் எவ்வளவு போட்டார் என்று கரும்பலகையில் எழுதினால் நிறையச் சேரும் என்றாள் ஒரு தோழி. உண்மைதான், சேர்ந்திருக்கும். ஆனால் பேருந்துக் காசைத் தவிர வேறு காசறியாத தோழியரும் எங்களிடையே இருக்கின்றனர். அவர்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது? நெடுநேரம் பேசினோம். முடிவில், உண்டியலை மாதாவின் சுரூபத்திற்குப் பின்னே, யார் போடுவதும் தெரியாத இடத்தில் வைத்தோம்.

அத்தவக்காலம் முழுவதும், பள்ளி நடந்த நாளெல்லாம், காலையில் நாங்கள் வரும்போது கரும்பலகை துடைத்திருக்கும். குடிநீர்ப் பானை நிறைந்திருக்கும். செய்தவள் யாரென்று இன்றுவரை நாங்கள் அறியோம், கேட்கவும் இல்லை. உண்டியலில் விழுந்த காசைவிட அக்காணிக்கை பெரிதென்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இவ்வாண்டோ தவக்காலத்தோடு பொதுத் தேர்வும் நெருங்கி வருகிறது. மதிப்பெண்ணுக்காக வேண்டாத மாணவி யார்? வேண்டுவது தவறன்று. தாழ்ச்சி என்பது தன்னைத்தானே இகழ்வதும் அன்று. கணக்கில் தேர்ந்தவள் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது தாழ்ச்சியன்று, பொய். தெரிந்தது இறைவன் தந்தது என்றுணர்ந்து, தெரியாத தோழியின் பக்கத்தில் அமர்ந்து பொறுமையோடு சொல்லிக் கொடுப்பதே தாழ்ச்சி.

பெரிய வியாழனன்று நம் ஆண்டவர் துண்டை இடையில் கட்டிச் சீடர்களின் பாதங்களைக் கழுவினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் உரோமையில் இளையோர் சிறைச்சாலை ஒன்றிற்குச் சென்று 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள். 2016 முதல் அச்சடங்கில் பெண்களும் இடம் பெறலாம் என்று முறை திருத்தப்பட்டது. குனிந்தவர் சிறுமைப்படவில்லை, எளியவரே உயர்வு பெற்றனர்.

அன்புத் தோழியரே! குனியும் தலையில்தான் ஆசீர் இறங்கும். இத்தவக்காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவரும் அறியாத ஒரு நற்செயலை இறைவன் திருவடியில் வைப்போம். அவர் ஒருவர் அறிந்தால் போதும்.